பிப்ரவரி ஒன்று: மொரிஷியஸிலிருந்து சில நாள் குறிப்புகள்

ஜனவரி 18, 2026, ஞாயிறு. ரோஸ் ஹில்

இந்த வருடம் மொரிஷியஸில் இரண்டு அரசு விடுமுறைகள் ஒரே தேதியில் வருகின்றன. பிப்ரவரி 1 அன்று தைப்பூசக் காவடி, அன்றே அடிமை முறை ஒழிப்பு நாளும்.

இங்கே வேலைக்கு வந்த முதல் வருடமே இந்த ஒழிப்பு நாள் என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு நாடு தன் அடிமைகள் விடுதலையான தேதியை நினைவில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பள்ளிக்கும் வங்கிக்கும் லீவு விடுகிறது. திருவாரூர் பக்கம், மிராசுதாரர் நிலத்தில் கட்டுண்டு உழைத்த பண்ணையாள் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது சாதாரணச் செய்தியாகத் தெரியவில்லை. இந்த முறை அந்த நாளை ஒட்டி மனதில் வருவதை எல்லாம் எழுதி இங்கே போட்டு வைக்கிறேன்.

காலையில் கீழ்வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அவர்தான். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். தேவாரம் மனப்பாடமாகச் சொல்வார், பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் கிரியோல் மொழிதான். இந்த வருடம் அவர் மகன் காவடி எடுக்கிறார். நான் ஒழிப்பு நாளைப் பற்றிக் கேட்டதும், "அது கிரியோல் மக்களுடைய நாள். நம்முடைய நாள் நவம்பர் 2" என்றார். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகளின் வழிவந்தவர்களைத்தான் இங்கே கிரியோல் மக்கள் என்கிறார்கள்.

அவர் சொல்வது 1834 நவம்பர் 2. அன்றுதான் கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பல் 36 பேரோடு தலைநகர் போர்ட் லூயிஸ் வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது அன்றிலிருந்துதான் என்று அந்த நாளுக்கும் இங்கே விடுமுறை.

அடிமை முறை முடிந்ததாக அறிவித்தது 1835 பிப்ரவரி 1. இரண்டுக்கும் நடுவில் மூன்றே மாதம்! லண்டனில் 1833-லேயே சட்டம் நிறைவேறிவிட்டதால், கரும்பு முதலாளிகளுக்குத் தங்கள் ஆட்கள் கையை விட்டுப் போகப்போவது நன்றாகத் தெரியும். அந்த இடத்துக்கு ஆள் தேடித்தான் இந்தியாவுக்கு வந்தார்கள். அப்படியிருக்க, இது அவர்கள் நாள், அது நம் நாள் என்று எப்படிப் பிரிக்க முடியும்?

ஜனவரி 23, வெள்ளி

கோவிலில் கொடி ஏறிவிட்டது. கீழ்வீட்டில் விரதம். மாடிப்படி முழுக்கச் சாம்பிராணி வாசம்.

ஆபீஸ் தோழி ஒருத்தி ஒழிப்பு நாளன்று லெ மோர்ன் மலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் தாத்தா பாட்டி அந்த மலையடிவாரத்தில் ட்ரூ ஷெனிய் என்ற குடியிருப்பில் இருந்தவர்கள். விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழ்ந்த இடம் அது. 1945-ல் அடித்த புயலுக்குப் பிறகு ஊரே அங்கிருந்து கிளம்பி வேறு இடத்துக்கு மாறவேண்டி வந்தது. இப்போது அங்கே இருப்பது ஊரல்ல, ஊர் இருந்ததைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம். கடற்கரை நெடுகச் சொகுசு விடுதிகள்.

"வா, ஆனால் வெயிலில் நிற்கவேண்டியிருக்கும்" என்றாள். வெயில் எனக்குப் பழக்கம்தான் என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

போர்ட் லூயிஸ் போய் வந்தேன். ஆப்ரவாசி காட் என்ற பழைய இறங்குதுறையில் அந்த 16 படிகள் இருக்கின்றன. கப்பலில் வந்த கூலிகள் ஏறிய படிகள். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் பிரெஞ்சுக்காரர் காலத்து ராணுவ மருத்துவமனை. அதைத்தான் இப்போது அடிமை முறை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். இரண்டு வரலாறுகளும் இத்தனை பக்கத்தில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டச்சுக்காரர்கள் 1638-ல் இங்கே குடியேறினார்கள். அடுத்து மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில்தான் அது பெருவணிகமானது. மடகாஸ்கர், மொசாம்பிக், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை, அப்புறம் இந்தியா. ஆமாம், புதுச்சேரியிலிருந்தும் ஆட்களை அடிமைகளாக ஏற்றினார்கள். 1743-ல் ஒரு கும்பல் ஆட்களைக் கடத்தி இந்தத் தீவுகளுக்கு விற்றதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். பின்னால் ஆங்கிலேயர் எடுத்த அடிமைப் பதிவேடுகளிலும் மொசாம்பிக், மலகாசி என்ற பிரிவுகளோடு 'மலபார்' என்று ஒரு பிரிவு உண்டு. தென்னிந்தியர்களைத்தான் அப்படி எழுதினார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 1735-ல் ஆளுநராக வந்த லாபூர்தொனே போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அவர்கள் அடிமைகள் அல்ல. அப்படி வந்து காசு சேர்த்த தமிழர்களில் சிலர் தாங்களே அடிமைகளை வாங்கி வைத்திருந்தார்கள். இதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அடிமையாக விற்கப்பட்டவனும் தமிழன், வாங்கியவனும் தமிழன். திருவாரூர்க்காரிக்கு இது புதுச்செய்தியாக இருக்கக்கூடாதுதான். இருந்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

ராத்திரி ஊரில் இருக்கும் அப்பாயியோடு, அப்பாவின் அம்மாவோடு, வீடியோ காலில் பேசினேன். வயது தொண்ணூறை ஒட்டி இருக்கும். காது கொஞ்சம் மந்தம், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகத் திருப்பிச் சொல்வான். லெ மோர்ன் மலைப் படத்தைக் காட்டி, தப்பி ஓடிய அடிமைகள் அதன்மேல் ஒளிந்திருந்தார்கள், அப்புறம் ஒரு நாள் எல்லோருக்கும் விடுதலை ஆனது, ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் லீவு என்று சொன்னேன்.

"யாரு விட்டா அவுங்கள?" என்று கேட்டார்.

"வெள்ளைக்காரன் சட்டம் போட்டான் அப்பாயி."

"எந்தக் காலத்துல?"

"கிட்டத்தட்ட இருநூறு வருசம் ஆகப்போவுது."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப இங்கயும் வெள்ளைக்காரன்தானே இருந்தான்? நம்மள ஏன் விடல?"

தொண்ணூறு வயதில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷி, விஷயத்தின் மையத்தில் கை வைத்துவிட்டார். அதற்குப் பதில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் அடிமை முறையை ஒழிப்பதாகச் சொன்ன 1833-ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா ஆகியவற்றுக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்துவிட்டது. எங்கள் திருவாரூர்ப் பக்கம் அடங்கிய தஞ்சாவூர் ஜில்லா கம்பெனி ஆட்சியில் இருந்தது. மொரிஷியஸ் அடிமைக்குத் தேதி குறித்த சட்டம் எங்கள் ஆட்களைப் பெயர் சொல்லாமல் விலக்கியது.

நமக்கு வந்தது 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். அது யாரையும் கூப்பிட்டு "இன்று முதல் நீ சுதந்திரமானவன்" என்று சொல்லவில்லை. ஒருவன் அடிமை என்ற உரிமையை இனிக் கோர்ட் ஏற்காது என்பதோடு நிறுத்திக்கொண்டது. கோர்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியாத சேரிக்கு அந்தச் சேதி எப்படிப் போய்ச் சேரும்? நடுவில் நிறுத்தி வைத்திருந்த மொரிஷியஸ் கூலிக் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் அதே 1843-ல்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள்.

இதையெல்லாம் அப்பாயிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். முழுதாகக் கேட்டாரா தெரியவில்லை. அவர் தன் கதைக்குப் போய்விட்டார்.

"நான் சின்னப் புள்ள. விடியக் கருக்கல்ல பண்ணை வூட்டுக்குச் சாணி அள்ளப் போவணும். ஒங்க தாத்தா மாடு மேச்சாரு. ஒரு நாளு லேட்டாப் போனாருன்னு சாணிப்பால் குடிக்க வச்சானுவ. அப்புறம் சங்கம் வந்துச்சு. கொடி ஏத்துன வருசத்தோட அடி நின்னுச்சு."

சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குக் கொடுத்த தண்டனைகள். விவசாயிகள் சங்கம் போராடி, 1944-ல் மிராசுதாரர்களோடு மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அவை நிற்கத் தொடங்கின. பண்ணையாளை நினைத்தபோது விரட்டக்கூடாது என்று சட்டம் வந்தது 1952-ல். அதற்கும் 16 வருடம் கழித்து, கூலி கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.

அப்பாயிக்கு 1944 என்ற எண் தெரியாது. அவருக்கு அது "கொடி ஏத்துன வருசம்". எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்டேன். "அறுப்பு முடிஞ்சிருந்துச்சு" என்றார்.

ஜனவரி 31, சனி

காலையில் லெ மோர்ன், சாயங்காலம் கீழ்வீட்டுப் பந்தி என்று முடிவு செய்திருக்கிறேன். காவடி ஊர்வலம் பார்க்க முடியாது என்றதும் கீழ்வீட்டு அம்மாவுக்கு வருத்தம். கோர் த கார்ட் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குத்தான் அவர்கள் போகிறார்கள். அடுத்த வருடம் கூடவே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தோழி, அவள் அம்மா, நான். வழியெல்லாம் கார்கள். லெ மோர்ன் 556 மீட்டர்தான், ஆனால் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பதால் பார்வைக்கு இன்னும் உயரம். மூன்று பக்கம் கடல், பக்கவாட்டுப் பாறையெல்லாம் செங்குத்து. தப்பி ஓடியவன் இந்த மலையைத் தேர்ந்தெடுத்த காரணம் பார்த்த உடனே புரிந்துவிட்டது.

ஊரெல்லாம் சொல்லும் கதை இது: 1835-ல் விடுதலைச் செய்தியைச் சொல்ல ஒரு படை மலைக்கு வந்தது. பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்த அடிமைகள் மேலிருந்து குதித்துவிட்டார்கள். இப்படி நடந்ததற்கு ஆவணம் இல்லை. ஆனால் மேலே குகையில் ஆட்கள் தங்கியதற்கான தடயம் உண்டு. கீழே ஒரு பழைய இடுகாட்டை ஆய்வாளர்கள் தோண்டியபோது, புதைத்தவர்களோடு களிமண் சுங்கானும் நாணயமும் கிடைத்தன. தோழியின் அம்மாவிடம், குதித்த கதையை நம்புகிறீர்களா என்று கேட்டேன். "எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளை இந்த மலையைக் கை நீட்டிக் காட்ட விடமாட்டார்கள். நான் அப்படி வளர்ந்தவள்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நினைவுச் சின்னத்தில் தலைவர்கள் மலர்வளையம் வைத்தார்கள், பேசினார்கள். அது எப்போதும் நடப்பது. பேச்சு முடிந்த பிறகுதான் நான் வந்த காரியமே ஆரம்பமானது. தரையில் சின்னதாகத் தீ மூட்டி ரவான் பறைகளைக் காய்ச்சினார்கள். ஆட்டுத்தோல் கட்டிய பறை. சூடு ஏறியதும் விரலால் தட்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி தீயில் காட்டினார்கள். எங்கள் தெருவில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையைக் காய்ச்சுவது அப்படியே இதுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சேகா ஆட்டம் தொடங்கியதும் தோழியின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

திரும்பும் வழியில் தோழி நஷ்டஈட்டைப் பற்றிப் பேசினாள். அவள் குரல் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? அடிமைகளை இழந்ததற்காக மொரிஷியஸ் முதலாளிகளுக்கு பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. விடுதலையான 60,000-க்கும் அதிகமானோருக்கு ஒரு பைசா இல்லை, ஒரு துண்டு நிலம் இல்லை. அதோடு, 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் பழைய முதலாளியிடமே கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும் என்றார்கள். அது முடிந்தது 1839-ல். தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் ஒன்றுமில்லாமல் கடற்கரைக்கு வந்தார்கள். அவர்கள் இடத்தில் நம் ஆட்கள் குறைந்த கூலிக்கு இறங்கினார்கள். "உங்கள் ஆட்கள் மேல் எங்கள் பாட்டிக்குக் கோபம் இருந்தது" என்று வெளிப்படையாகச் சொன்னாள். நான் என் அப்பாயியைப் பற்றிச் சொன்னேன். சாணிப்பாலைப் பற்றிச் சொன்னபோது அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

சாயங்காலம் கீழ்வீட்டில் வாழை இலை, ஏழு கறி, ரசம். மகன் கன்னத்தில் வேல் குத்திய இடத்தில் விபூதி. காவடி எடுத்தவர்களில் அவனுடைய கிரியோல் நண்பர்கள் இரண்டு பேரும் உண்டு, பத்து நாளும் விரதம் இருந்தார்களாம். அந்த உற்சாகத்தில் நான் பதிவேட்டில் இருக்கும் 'மலபார்' அடிமைகளைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்கார அம்மா உடனே, "எங்கள் குடும்பம் கல் வேலைக்கு வந்தது, அடிமையாக வரவில்லை" என்றார். பண்டிகை நாளில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று இலையில் இன்னொரு கரண்டி போட்டார். மகன் மட்டும் கை கழுவும்போது மெதுவாக, "அந்தப் பதிவேட்டை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டான்.

பிப்ரவரி 4, புதன்

ஆபீஸ், வேலை, மழை. புயல் எச்சரிக்கை வருமோ என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். எழுத நேரமில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

தம்பி தாலுகா ஆபீஸில் கிளார்க். இன்று தமிழ்நாட்டில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தினம். அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9-ல் வந்தது, இன்றோடு சரியாக 50 வருடம். தம்பி போட்டோ அனுப்பியிருந்தான். வராண்டாவில் வரிசையாக நின்று கையை நீட்டியிருக்கிறார்கள்.

இந்த நாளுக்கு லீவு கிடையாது, பறை கிடையாது, ஊர் மக்கள் யாரும் வருவதும் கிடையாது. அந்தச் சட்டத்தில் மீட்கப்படுபவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் தருகிறார்கள், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. மொரிஷியஸில் முதலாளிக்குப் போன பணம் இங்கே மீட்கப்பட்டவனுக்கு வருகிறது என்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் ஆட்டுக் கிடையிலும் இன்னும் மீட்கப்படுகிறார்கள் என்றால், அந்த உறுதிமொழி ஆபீஸ் வராண்டாவோடு நிற்கக்கூடாது.

தம்பிக்கு போன் போட்டு, "உறுதிமொழியைச் சேரியில் வந்து எடுக்கச் சொல்லுடா" என்றேன். "அக்கா, நான் கிளார்க்" என்றான். சரி, அது நியாயம். அதனால் அவன் கையில் இருக்கிற ஒன்றைக் கேட்டேன்: நம் ஊரில் சங்கக் கொடி ஏறியது எந்தத் தேதி? அறுப்பு முடிந்திருந்தது என்று அப்பாயி சொல்கிறார், அப்படியென்றால் தை கடைசியாகவோ மாசியாகவோ இருக்கலாம். மன்னார்குடியில் பழைய சங்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறாராம், அவரிடம் பழைய நோட்டுகள் இருக்கின்றனவாம். வருகிற ஞாயிறு போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.