ஆர்க்கிடெக்சர் படிப்பவர்கள் பழைய கட்டடம் ஒன்றையாவது அளந்து பாருங்கள்

ஆர்க்கிடெக்சர் சேர விரும்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது நாட்டா (NATA) என்கிற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வைப் பற்றித்தான். தமிழ்நாட்டுத் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நாட்டாவுக்கு 200. படம் நன்றாக வரையத் தெரியும் என்று பிளஸ் டூ பாடங்களைக் கோட்டை விட்டால் இடம் போய்விடும். சரி, சேர்ந்த பிறகு?

ஐந்து வருடமும் பெரும்பாலும் புதுக் கட்டட வடிவமைப்புதான். பழைய கட்டடங்கள் வரலாற்றுத் தாளில் வந்துபோகும். புதிதாகக் கட்டுவது, பழையதை மீட்பது என நான் இரண்டு வேலையும் செய்கிறேன். சோறு போடுவது புது வீடுகள்தான். ஆனால் கட்டடம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தவை பழையவை.

எனவே இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பழைய வீட்டை அளந்து வரையுங்கள். அறையின் நீள அகலம் மட்டும் போதாது, இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். அப்போதுதான் அறையின் மூலைகள் சரியான செங்கோணத்தில் இல்லை என்பது தெரியும். அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய வகை மேல்தளம் என்றால் மர உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். கம்பியே இல்லாமல் அது நிற்பது எப்படி என்று யோசித்தால் ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் தானாகப் புரியும்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக்கூடாது என்பதைக் காரணத்தோடு படியுங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உள்ளே உப்பு சேர்ந்து செங்கல் பொரிந்து உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சாந்து கலக்கும் வயதான கொத்தனார் கிடைத்தால் லீவு முழுக்க அவர் பக்கத்திலேயே இருங்கள். எந்த சாப்ட்வேர் வகுப்பையும் விட அது பெரிது.

புதுச்சேரியின் மேரி கட்டடம் (பழைய நகராட்சிக் கட்டடம்) 2014 மழையில் இடிந்து, பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. அது மீட்பா, புதுக் கட்டடமா? நேர்முகத்தில் இப்படிக் கேட்டால் ஒரு பக்கம் நின்று வாதாடத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் புதுக் கட்டடம் என்பேன்.

மரபுக் கட்டடப் பாதுகாப்பில் மேற்படிப்புக்கு டெல்லி எஸ்பிஏ (SPA), அகமதாபாத் செப்ட் (CEPT) என்ற இரண்டு கல்வி நிறுவனங்களும் நல்ல இடங்கள். கல்லூரி முடித்த கையோடு ஓடாதீர்கள். கொஞ்ச காலம் சைட்டில் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான 3டி படங்களைக் குறைத்து, அளந்து வரைந்த தாள்களை முன்னால் வையுங்கள்.