புத்தகப் பையை எடை போட்டுப் பாருங்கள்

மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கைப்படி, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரை கிலோதான். வீட்டு எடை மெஷினில் பையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை நீங்களே ஏறிக் கழித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ! பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் காலி பாட்டில் போதும்.

கனமான புத்தகங்கள் முதுகை ஒட்டிய அறையில் இருக்கட்டும். முன் ஜிப்பில் திணித்தால் பை பின்னால் இழுக்கும். அதைச் சமாளிக்கப் பிள்ளை கூன் போட்டு நடக்கும். பட்டையைத் தளர்த்தித் தொங்கவிடுவதும் (அதுதான் இப்போது ஸ்டைலாம்) இதே வேலையைச் செய்யும். பையின் அடிப்பகுதி இடுப்பை விட்டு நாலு விரலுக்குமேல் இறங்கக் கூடாது. இரண்டு தோளிலும் மாட்டட்டும். கை மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.