பிப்ரவரிக்கு 29 நாள்

பிப்ரவரி 3, 2024, சனி

செவலைக் கோழி பெட்டியை விட்டு இறங்கவில்லை. கையை நீட்டினால் உடம்பெல்லாம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொண்டைக்குள் கரகரவென்று சத்தம் போட்டுக் கொத்த வருகிறது. அடியில் முட்டை இல்லை, நேற்றே எடுத்துவிட்டேன். வெறும் வைக்கோலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அத்தையிடம் சொன்னதற்கு, "நெஞ்சுல கையை வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். அந்த இடத்தில் இறகு உதிர்ந்து, தோல் காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது. அடைக்கோழிதான், சந்தேகமில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

அடை வைக்க முட்டை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்தது ஆகாது. ஒரு வாரத்துக்கு மேல் பழசானதும் ஆகாது. வெயில் ஏறிவிட்டால் அதுகூடக் கிடையாது, மூணு நாலு நாள்தான். அழுக்காக இருந்தாலும் கழுவக் கூடாது. ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி மணல் தட்டில் நிறுத்தி, சாமி அறை மூலையில் வைத்திருக்கிறேன். வீட்டில் குளிர்ச்சியான இடம் அதுதான். அத்தைக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழியின் முட்டை நாலு கொடுத்தார். காசு வேண்டாமாம், பொரித்தால் ஒரு குஞ்சு தரணுமாம்.

பிப்ரவரி 8, வியாழன்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடை வைத்தாயிற்று. பகலில் வைத்தால் கோழி மிரண்டு எழுந்துவிடும். இருட்டில் ஒவ்வொன்றாக அடியில் தள்ளினால், அதுவே அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொள்கிறது. பழைய அன்னக்கூடை, அதில் மணலும் சாம்பலும், மேலே வைக்கோல், செள்ளுப் பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் வேப்பிலை.

11 முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். எல்லாவற்றிலும் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். இடையில் வேறு கோழி புகுந்து முட்டையிட்டுவிட்டுப் போனால் தெரிய வேண்டுமே. அத்தை தன் பங்குக்கு ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் மூன்றையும் கூடை ஓரத்தில் செருகினார். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க. தை மாதத்தில் இடி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை.

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். 21 நாள் 29ஆம் தேதியோடு முடிகிறது. இந்த வருஷம் பிப்ரவரிக்கு 29 உண்டு.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. காக்கைக்கு வைத்த சோற்றைக் கருப்பி தின்றுவிட்டது. அத்தை பேசவில்லை, கோழியோடு அல்ல, என்னோடு.

பிப்ரவரி 12, திங்கள்

செவலை ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் இறங்குகிறது. பத்து மணி வாக்கில். இறங்கியதும் முதல் காரியமாக எலுமிச்சை அளவுக்கு ஒரு எச்சம். அந்த நாற்றத்துக்குத் தெருவே மூக்கைப் பொத்தும். நாள் முழுக்க அடக்கிவைத்து, கூட்டுக்குள் போடாமல் வெளியே வந்து போடுகிறதே என்று பாராட்டத்தான் வேண்டும். அப்புறம் கம்பை அள்ளிக் கொத்தி, தண்ணீரில் அலகை முக்கி முக்கித் தலையைத் தூக்கி விழுங்கி, சாம்பல் குழியில் புரண்டு, உதறிக்கொண்டு ஓட்டம். கால் மணி நேரம் ஆனால் அதிகம். முட்டை அவ்வளவு நேரம் ஆறினால் ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் வாசலுக்கும் கூடைக்கும் நடையாக இருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். ஒண்ணாம் தேதி புது ஆள் வருகிறார்களாம். மகள் பரீட்சை முடியட்டும், ஏப்ரல் வரை இருங்கள் என்று வாயால் சொன்னவர்தான். எழுத்தில் இல்லை. அட்வான்ஸைப் பற்றிக் கேட்டேன். சுவரைச் சுற்றிப் பார்த்தார். "ஆணி எல்லாம் அடிச்சிருக்கீங்களே" என்றார்.

அவர் பார்வை கடைசியாகக் கோழிக் கூடையில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

தூக்கமில்லை. எப்படியும் விழித்துத்தானே இருக்கிறோம் என்று ராத்திரி முட்டையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டோம். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் செல்போன் டார்ச், மேலே முட்டையின் அகன்ற பக்கம். மகள் பிடித்துக்கொண்டாள், நான் செவலையின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மணிக்கட்டில் மூன்று கொத்து.

முதல் முட்டையில் செந்நூல் நூலாக நரம்பு ஓடியது. நடுவில் ஒரு கரும்புள்ளி. அது அசைந்தது. மகள் மூச்சுவிட மறந்து பார்த்தாள். அடுத்த இரண்டு வெறும் மஞ்சள் வெளிச்சம், கரு கூடவே இல்லை. இன்னொன்றில் நரம்பு கலைந்து, ஓட்டை ஒட்டி ரத்தம் வளையமாக நின்றது. தொடங்கிச் செத்துப்போனது. மூன்றையும் எடுத்துவிட்டோம். மீதி எட்டு. அதில் கழுத்தறுத்தான் மூன்று.

"இப்ப ரெட்டைப்படையா ஆயிருச்சே" என்றார் அத்தை, கட்டிலில் இருந்தபடியே.

பிப்ரவரி 16, வெள்ளி

இப்போது கருப்பியும்! செவலை இரைக்கு இறங்கிய நேரத்தில் கூடைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. செவலை திரும்பி வந்ததும் இரண்டும் கூடைக்குள்ளேயே சண்டை. பாய்ந்து பிரித்தேன். முட்டை எதுவும் உடையவில்லை. கோடு போடாத முட்டை ஒன்று அதிகம் இருந்தது. அதை எடுத்து ஆம்லெட் போட்டாயிற்று.

இரண்டு அடைக்கோழியை வைத்துக்கொண்டு வீடு மாற முடியாது. கருப்பியின் அடையைத் தெளிய வைக்க வேண்டும். மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகச் சொல்கிறார் அத்தை. ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். செய்வார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோழி தலையைத் தலையை உதறிக்கொண்டு அலையும். அது வேண்டாம்.

பிப்ரவரி 17, சனி

அட்வான்ஸில் ஒரு மாத வாடகை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வாராம். போனில் சொல்கிறார்.

பிப்ரவரி 19, திங்கள்

கருப்பியைக் கம்பிக்கூண்டில் போட்டு, கொடிக்கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். அடியில் வைக்கோல் கிடையாது, பலகை கிடையாது, வெறும் கம்பி. காற்று கீழிருந்து வயிற்றில் பட வேண்டும். அந்தச் சூடு இறங்கினால் அடையும் இறங்கிவிடும். தீனியும் தண்ணீரும் தாராளமாக வைக்கிறேன், பட்டினி போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாளைக்குள் தெளிந்துவிடும் என்று நினைக்கிறேன். இப்போதே கரகரப்பு குறைந்திருக்கிறது.

மகள் கேட்டாள், நாமக்கல் பண்ணைகளில் அத்தனை லட்சம் கோழியும் அடைக்கு உட்கார்ந்தால் என்ன செய்வார்கள் என்று. உட்காராது. அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே கழித்துவிட்டார்கள். அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகுமே, பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா? "அப்ப அதுங்களுக்குக் குஞ்சே வராதா?" வரும், இயந்திரத்தில். முகத்தைச் சுளித்தாள். அறிவியல் செய்முறைத் தேர்வு நோட்டு திறந்தபடி கிடந்தது.

பிப்ரவரி 21, புதன்

வீடு கிடைத்துவிட்டது. நாலு கிலோமீட்டர் தள்ளி. பின்னால் ஒரு வேப்பமரம், தண்ணீர் தொட்டி, துவைக்கிற கல். வாடகை 1,500 ரூபாய் கூடுதல். கோழி இருப்பதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. நாய் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். அது உண்மைதான்.

ஆனால் சேவல் கூவுமே.

மாசியில் யாராவது வீடு மாறுவார்களா என்று அத்தை காலையிலிருந்து. வாடகை வீட்டுக்கு மாசம் பார்க்கத் தேவையில்லை என்று என் கணவர் போனில் சமாதானம் சொன்னார். தன் அம்மாவிடம் அவர் இவ்வளவு பொறுமையாகப் பேசுவது போனில் மட்டும்தான். என்னிடம், "அந்தக் கோழியை அறுத்துக் குழம்பு வச்சிட்டு வா, வேற வாங்கிக்கலாம்" என்றார். வைத்துவிட்டேன். போனை.

பிப்ரவரி 23, வெள்ளி

இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வழி.

ஒன்று, இப்போதே ராத்திரியோடு ராத்திரியாகக் கூடையைப் புது வீட்டில் வைத்துவிடுவது. பூட்டிய வீட்டில் தனியாக யார் பார்ப்பது? இடம் மாறினால் அடைக்கோழி எழுந்துவிடும் என்ற பயம் வேறு. சில கோழி கூடையோடு தூக்கினால் கண்டுகொள்ளாது. சில கோழி விடிந்ததும் பழைய இடத்தைத் தேடிப் போய் வெறுந்தரையில் உட்காரும். செவலை எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பொரித்த பிறகு வந்து எடுத்துக்கொள்வது. அக்கா உடனே சரி என்றார். ஆனால் அங்கே பூனை இருக்கிறது. அந்தப் பூனை சாதாரணப் பூனை இல்லை, கதவைத் திறக்கும்.

மூன்று, 29 வரை காத்திருந்து, நம்மோடு கொண்டுபோவது. கடைசி மூன்று நாள் முட்டையை அசைக்கவே கூடாது. உள்ளே குஞ்சு அகன்ற பக்கத்துக் காற்றறையைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டிருக்கும், கோழியே அப்போது முட்டையை உருட்டுவதை விட்டுவிடும். அந்த நேரத்தில் டாட்டா ஏஸில் குலுக்கிக்கொண்டு போவதா? ஆனால் பொரித்துவிட்டால் பயமில்லை. குஞ்சு ஓட்டை விட்டு வரும்போதே மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இரண்டு நாள் இரை இல்லாமலே தாங்கும். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

ஆக, 28ஆம் தேதியே பொரிக்க வேண்டும். சொன்னால் கேட்கிற விஷயமா இது.

வண்டியை 29 மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். காலை ஒன்பது மணிதானாம்.

பிப்ரவரி 24, சனி

மாசி மகம். கருப்பி தெளிந்து வெளியே மேய்கிறது. பாத்திரமெல்லாம் சாக்கில்.

பிப்ரவரி 26, திங்கள்

கூடையில் ஒரு வாடை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். ஒன்று கூமுட்டை. ஓட்டில் வியர்வை போல ஏதோ கசிந்திருந்தது. கூடைக்குள் அது வெடித்திருந்தால் மற்றதும் போயிருக்கும். கையில் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து குப்பைக் குழி வரை போய்ச் சேர்ந்தேன். இப்போது ஏழு. அத்தைக்குத் திருப்தி.

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். உயிருள்ள முட்டை தண்ணீரில் ஆடும், கூமுட்டை சும்மா மிதக்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூழ்கிவிடும். முடியாது என்றேன். இன்று பேச்சு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

பீரோவை இறக்கும்போது சுவரில் மோதி வீடே அதிர்ந்தது. செவலை கண்ணைக்கூடத் திருப்பவில்லை. "ஆணி வச்சது வீண் போகல பாத்தியா" என்றார் அத்தை. பேச்சு வார்த்தை மீண்டும் உண்டு.

பிப்ரவரி 28, புதன்

மாலை ஐந்தரை. கூடைக்குப் பக்கத்தில் குனிந்தபோது கேட்டது. முட்டைக்குள்ளிருந்து கீச் கீச். செவலை அதற்குப் பதில் சொல்கிறது, இதுவரை நான் கேட்காத குரலில், தணிவாக, கொக் கொக் என்று. மகளைக் கூப்பிட்டேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

ராத்திரி ஒன்பது: ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். அலகு நுனி தெரிகிறது. தோண்டி உதவக் கூடாது. ரத்தக்குழாய் இன்னும் வற்றியிருக்காது, நாம் ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் கொட்டிவிடும். அது தானாகச் சுற்றிச் சுற்றிக் கொத்தி வர அரை நாளுக்கு மேல்கூட ஆகும். தெரியும். ஆனாலும் விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 29, வியாழன்

விடியற்காலை நாலு மணிக்கு நாலு குஞ்சு. ஒன்று மொட்டைக் கழுத்தோடு. பிறக்கும்போதே கழுத்தறுத்தான்தான். ஐந்தாவது எட்டு மணிக்கு, ஈரமாக. ஆறாவது விரிசலோடு நிற்கிறது. ஏழாவதில் சத்தமே இல்லை.

வண்டி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

மார்ச் 1, வெள்ளி

கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். வண்டியில் ஏற்றவில்லை. மேலே பஞ்சாரம் கவிழ்த்து, அதன்மேல் என் பழைய புடவை. இருட்டில் செவலை அசையவே இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "உள்ள என்னக்கா?" என்றார். சாமி படம் என்றேன்.

புது வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது ஆறாவது வெளியே வந்தது. அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாசியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஏழாவதை இன்று உடைத்துப் பார்த்தேன். முழுக்குஞ்சு, இறகோடு. காற்றறையை எட்டவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

அரிசிக் குருணையைச் செவலை ஒவ்வொன்றாகக் கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் காட்டுகிறது. குஞ்சுகள் அதன் அலகையே பார்க்கின்றன. வேப்பமரத்தில் வல்லூறு ஒன்று வந்து உட்கார்ந்து போனது. பகலிலும் பஞ்சாரத்துக்குள்தான்.

சேவல் நாலரைக்குக் கூவியது. பக்கத்தில் ஜன்னல் சாத்துகிற சத்தம்.

மார்ச் 4, திங்கள்

அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

மார்ச் 5, செவ்வாய்

ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து விட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஆறும் ஒரே வாரத்தில் போய்விடும். பெரிய கோழிகளுக்குப் போன மாதமே தடுப்பூசி போட்டாயிற்று, அதை நம்பிக் குஞ்சை விட முடியாது. மருந்து புட்டி 100 குஞ்சுக்கானது. கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும், ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். ஆறு குஞ்சுக்கு ஒரு புட்டியா? இந்தத் தெருவில் வேறு யார் குஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், எங்கள் வீட்டில் கோழி இருப்பது தெரிந்துவிடும். எப்படியும் சேவல் சொல்லிவிட்டது. நாளைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான். தெர்மாஸ் எந்தச் சாக்கில் கிடக்கிறதோ