முகப்பில் பொறித்த ஆண்டு எதற்குரியது?

தமிழ்நாட்டில் நூறு வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பங்குக் கோவில் என்றால் முகப்பில் ஏதாவது ஓர் ஆண்டு பொறித்திருக்கும். விழா மலரிலும் அதுவே அச்சாகும். அது முகப்புக்கோ கோபுரத்துக்கோ உரியதாக இருக்கும்; கட்டடம் முழுவதற்கும் பொருந்துவது அபூர்வம். பணம் சேரச் சேரக் கட்டியவை இவை. பீடப் பகுதி முதலில் எழும்பும், நடுக்கூடம் அதன்பின் நீளும், கோபுரம் அடுத்த தலைமுறையின் வேலை. மணியில் வார்த்த ஆண்டையும் நம்ப முடியாது. மணி வேறு கோவிலிலிருந்து வந்திருக்கலாம்.

பாணியைப் பார்த்தால் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தூத்துக்குடி பனிமய மாதா கோவில் 1713-இல் எழுந்தது, போர்த்துகீசியச் சாயல் கொண்டது. சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவறச் சபை 1773-இல் கலைக்கப்பட்டு 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷன் என்ற மறைபணிப் பகுதிக்கு வந்தது 1830-களின் கடைசியில்தான். கூர்முனை வளைவும் ஊசிக் கோபுரமும் கொண்ட கோத்திக் பாணி நம் ஊர்களில் பரவியது அதற்குப் பிறகு. புதுச்சேரி திரு இருதயக் கோவில் 1907-இல் முடிந்தது. ஆகவே கோத்திக் கோவில் ஒன்றைக் காட்டி ‘1700-இல் கட்டியது’ என்று யாராவது சொன்னால், பங்குக்கு அந்த வயது இருக்கலாம், கட்டடத்துக்கு இருக்காது.

அடுத்து சுவரில் பன்னிரண்டு சிலுவைகளைத் தேடுங்கள். ஆயர் கோவிலை அபிஷேகம் செய்யும்போது சுவரில் பன்னிரண்டு இடங்களில் கிறிஸ்மா என்ற புனித எண்ணெயைப் பூசுவார். அந்த இடங்களில் சிறு சிலுவையும் அதன் கீழ் மெழுகுவத்தித் தாங்கியும் இருக்கும். சுமார் ஏழடி உயரத்தில் பாருங்கள். வெறுமனே மந்திரித்துத் திறந்த கோவிலில் இவை இருக்காது. (1977-க்குப் பிந்தைய சடங்குமுறையில் நான்கு இடங்களும் போதும்.) பெயிண்ட் அடிப்பவர்கள் தாங்கியைப் பிடுங்கி, சிலுவையைப் பட்டி வைத்து மூடிவிடுவது வழக்கம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடு நிழலாகத் தெரியும்.

தூணின் அடியையும் பாருங்கள். அடிப்பகுதியின் வளையங்களில் கீழ் வளையம் பாதியில் தரைக்குள் மறைந்திருந்தால் தரை உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்தத் தரைக்கு அடியில் பழைய கல்லறைக் கற்கள் இருக்க வாய்ப்புண்டு. கிரானைட் போடுமுன் ஓரிடத்தில் திறந்து பார்ப்பது நல்லது.

பீடத்தில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் 1964-க்குப் பிந்தையது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி அந்த ஆண்டு வந்த அறிவுறுத்தல், பீடம் சுவரை விட்டு விலகி, சுற்றி வரும்படி இருப்பது நல்லது என்றது. பழைய பீடத்தை இடி என்றோ, அதன் முன்னால் தடுப்பாக நிற்கும் கிராதியைப் பிடுங்கு என்றோ எந்த ஆவணமும் சொல்லவில்லை. ஆனாலும் பல ஊர்களில் இரண்டும் போயின, குருவானவர் ஏறி நின்று பிரசங்கம் செய்யும் தொட்டியும் கூடவே போனது. கிராதி இருந்த இடத்தை அறிய, பீடத்துக்கு முன்னால் சிமெண்ட் அடைத்த சதுரக் குழிகள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

தரைப்படமும் வரலாறு சொல்லும், சில சமயம் கசப்பாக. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோவிலை 1872-இல் கட்டியபோது, ஒரே பீடத்தில் சந்திக்கும் இரண்டு கூடங்களாகக் கட்டினார்கள், சாதி வாரியாக உட்காருவதற்கு. இடைச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

மேற்கூரை உண்மையான வளைகூரையா, அலங்காரமா என்பதை வெளியே நின்றே ஊகிக்கலாம். செங்கல் வளைகூரை சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்க வெளியே முட்டுச்சுவரோ மிகத் தடித்த சுவரோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே தெரிவது மரச்சட்டத்தில் பூசிய சாந்தாக இருக்கலாம். அதில் மின்விசிறிக் கொக்கி மாட்டக் கூடாது.

இனி சுவர். பழைய கோவில்களைக் கெடுப்பதில் வயதுக்கு இருக்கும் பங்கைவிட ‘புதுப்பித்தல்’ வேலைக்குப் பங்கு அதிகம். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து, இரண்டரை மூன்றடி கனத்தில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். இரண்டு மூன்று ஆண்டில் பூச்சு உப்பி விழும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். உடனே இன்னும் தடிமனாகச் சிமெண்ட் பூசுவார்கள்.

சரிசெய்வதை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். முற்றத்துக் கான்கிரீட் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அதை வெட்டி, உள்தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தாழ்த்தி வெளிப்புறம் சரிவு கொடுக்க வேண்டும். பிறகு ஓதக் கறைக்கு மேலே அரை மீட்டர் வரை சிமெண்ட் பூச்சை உரித்து, இணைப்புகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டி, ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் மட்டுமே தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் இரண்டு மூன்று வாரமாவது ஊறப்போட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, ஒரு பூச்சுக்கு 12 மி.மீ. மேல் போகாமல் பூச வேண்டும். தடித்தால் வெடிக்கும். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரம் இடைவெளி விட்டு, வெயில் நேரே படாமல் சாக்கு தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் அளவோடு போதும். வெல்லம் கூடினால் சாந்து இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். கடைசியில் எமல்ஷன் அடித்தால் இவ்வளவும் வீண்; சுண்ணாம்பு வெள்ளையே மூன்று கை அடியுங்கள்.

மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய தளமுள்ள கோவில்களில் ஒழுகலுக்கு உடனடி மருந்தாக மேலே கான்கிரீட் போடும் பழக்கம் இருக்கிறது. 5 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள கூடத்தில் அது 36 டன். இதைத் தாங்குவது தேக்கு உத்திரங்கள். அவற்றின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். கைப்பிடிச் சுவரோரம் இறங்கும் மழைநீர் முதலில் அந்த முனைகளைத்தான் உளுக்கச் செய்யும். கீழிருந்து பார்த்தால் உத்திரம் திடமாகவே தெரியும். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தட்டோடுகளை எடுத்து ஓரச் சந்தைச் சுண்ணாம்பில் மறுபடி அடைத்து, மழைநீர்க் குழாயை விரிவாக்கிய பிறகுதான் உத்திரம் மாற்றும் பேச்சு.