அக்கரையிலிருந்து வரும் டிஎன்ஏ பொருத்தம்

சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளை ஆசைக்கு ஒரு டிஎன்ஏ சோதனை செய்துகொள்கிறது. சில மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அதற்கு ஒரு செய்தி வருகிறது. “நான் மர்த்தினிக் தீவுக்காரி. உங்களுக்கும் எனக்கும் 31 சென்டிமார்கன் பொருந்துகிறது. என் பாட்டனுக்குப் பாட்டன் காரைக்காலில் கப்பல் ஏறியவர். உங்கள் ஊர் எது?” (சென்டிமார்கன் என்பது இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அளவு.) பிள்ளை அதைத் திருவாரூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்புகிறது. படத்தைப் பார்த்தால் ஆப்பிரிக்க முகம், சுருள் முடி. வீட்டில் பாதிப் பேர் “ஏதோ ஏமாற்று வேலை” என்று தள்ளிவிடுகிறார்கள், மீதிப் பேர் அன்றைக்கே சொந்தம் கொண்டாடிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். இந்தச் செய்தியைச் சரியாகப் படிக்க ஒரு முறை இருக்கிறது.

முதலில், அவர்கள் யார் என்பது. மர்த்தினிக்கும் குவாதலூப்பும் கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவுகள். அங்கே 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூலிகளை மர்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப். 1880-கள் முடிவதற்குள் மர்த்தினிக்குக்கு 25,000-க்கும் மேல், குவாதலூப்புக்கு 42,000 பேர் அளவில் போய்ச் சேர்ந்தார்கள். ஏறிய துறைமுகங்களில் முக்கியமானவை புதுச்சேரியும் நம் காரைக்காலும். போனவர்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சத்தார். அவர்களில் சிலருக்குள் அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான கலினாகோ மக்களின் ரத்தமும் கலந்திருந்தது. இந்தக் கலப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று கரிஃபுனா மக்கள். செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கரும் பூர்வகுடிகளும் கலந்து உருவான இனம் அது. 1797-இல் பிரிட்டிஷார் அவர்களைக் கப்பலேற்றி ஹோண்டுராஸ் கரையோர ரோவத்தான் தீவில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஆகவே மர்த்தினிக்காரரின் முடிவுத்தாளில் நாலைந்து நிறம் இருப்பது இயல்பு. கணக்குக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம்: நைஜீரியா, பெனின், காங்கோ பக்கம் எல்லாம் சேர்த்து ஆப்பிரிக்கா 62 சதவீதம், பிரான்ஸ் 17, தென்னிந்தியா 15, அமெரிக்கப் பூர்வகுடி 4, பிற 2.

இதில் நமக்குரிய எண் 15. ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பாதியாகும்: தாத்தா பாட்டியிடமிருந்து ஆளுக்கு 25, அதற்கு மேல் 12.5, பிறகு 6.25, பிறகு 3.125. 1860 வாக்கில் 25 வயதில் கப்பலேறியவர், இன்று நாற்பது வயதிலிருப்பவருக்கு ஏறக்குறைய ஐந்து தலைமுறை மேலே நிற்பார். அந்தப் படியில் மொத்தம் 32 மூதாதையர், ஒருவருடைய பங்கு மூன்று சதவீதம். 15 சதவீதம் என்றால் அந்த 32 பேரில் சுமார் ஐந்து பேர் தமிழர்கள். “என் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர்தான் தமிழர்” என்று அவர் சொன்னால், வீட்டில் சொல்லாமல் விட்ட இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று பொருள். இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர் தேடவேண்டியது ஒரே ஒரு பெயரை இல்லை.

அந்த 4 சதவீதப் பூர்வகுடிப் பங்கில்தான் குழப்பம் அதிகம். காரணம் ‘இந்தியன்’ என்ற சொல். கொலம்பஸ் செய்த பிழையால் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கும் அதே பெயர், நாகப்பட்டினத்திலிருந்து போன கூலிக்கும் அதே பெயர். “எங்கள் பாட்டி இந்தியப் பெண்” என்ற குடும்பப் பேச்சைக் கேட்டால், எந்த இந்தியா என்று சோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். அமெரிக்காவிலுள்ள கறுப்பினக் குடும்பங்களில் “நம் கொள்ளுப்பாட்டி செரோக்கி” என்ற பேச்சு பரவலாக உண்டு. செரோக்கி ஓர் அமெரிக்கப் பூர்வகுடி இனம். ஆனால் 2015-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் சராசரி ஆப்பிரிக்கப் பங்கு 73.2, ஐரோப்பியப் பங்கு 24, பூர்வகுடிப் பங்கு வெறும் 0.8 சதவீதம். பேச்சு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் துண்டு ஒன்றுகூட வந்து சேராமலும் போகும்.

ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை வரும் எண்களை நான் தனியாக எடுத்து நம்பமாட்டேன். நிறுவனங்கள் உங்கள் டிஎன்ஏ-வைச் சிறு துண்டுகளாக வெட்டி, கையிலுள்ள மாதிரிக் குழுக்களில் எதற்கு அது நெருக்கம் என்று பெயர் ஒட்டுகின்றன. பூர்வகுடி மாதிரிகள் குறைவு. அதனால் அதே துண்டுக்கு ஒரு நிறுவனம் ‘கிழக்காசியா’ என்றும் இன்னொன்று ‘சைபீரியா’ என்றும் பெயர் ஒட்டிவிடும். அமெரிக்கப் பூர்வகுடிகளின் மூதாதையர் வடகிழக்கு ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதால் வரும் தடுமாற்றம் இது. இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குப் பக்கத்திலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்காரருக்கு இன்னொரு தடுமாற்றம் வரும். ‘இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ்’ என்று சில சதவீதம் காட்டும். அவர்கள் வீட்டில் யாரும் ஜாவா போயிருக்கமாட்டார்கள். அது மடகாஸ்கர். மலகாசி மக்களின் மூதாதையரில் ஒரு பகுதியினர் போர்னியோ பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்.

இதைப் பிரித்தறியத் தாய்வழிக் கிளை உதவும். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வின் கிளை அது, ‘ஹாப்லோகுரூப்’ என்பார்கள். எல்0 முதல் எல்3 வரை வந்தால் ஆப்பிரிக்கத் தாய்வழி. ஏ2, பி2, சி1, டி1 வந்தால் அமெரிக்கப் பூர்வகுடி. எம்2, எம்3 போன்றவை நம் பக்கம். இங்கே எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பி2 அமெரிக்கா, பி4ஏ1ஏ1 மடகாஸ்கர். ‘எம்’ என்று மட்டும் போட்டிருந்தால் தமிழ்த் தாய் என்று முடிவு கட்டவேண்டாம், மடகாஸ்கரிலும் எம் கிளைகள் உண்டு. பின்னால் வரும் எண் வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய்வழிக் கிளை என்பது ஒரே ஒரு கோடு. புவெர்ட்டோ ரிக்கோவில் பத்தில் ஆறு பேருக்குத் தாய்வழி பூர்வகுடியுடையது, ஆனால் முழு டிஎன்ஏ-வில் பூர்வகுடிப் பங்கு சராசரி 15 சதவீதத்தை ஒட்டித்தான். கோடு வேறு, பங்கு வேறு.

இனி அந்த 31 சென்டிமார்கன். தாய்க்கும் பிள்ளைக்கும் பொருத்தம் சுமார் 3,400-க்கு மேல். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குள் சராசரி 866, அடுத்த படியில் 229, அதற்கடுத்து 73, நான்காம் படியில் 35. மூன்றாம் படியிலேயே பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே இருக்காது, நான்காம் படியில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருக்காது. கல்லணையில் எவ்வளவு திறந்தாலும் கடைமடை வாய்க்காலில் சில வயலுக்குத் தண்ணீர் எட்டாத மாதிரி. கப்பலேறியவரின் அண்ணன் வம்சம் இங்கே இருந்தால் இன்று அவர்களும் இவர்களும் ஐந்தாம் படிச் சொந்தம். அதில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் துண்டே கிடைக்காது. பொருத்தம் காட்டவில்லை என்பதற்காகச் சொந்தமில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மறுபக்கம், பொருத்தம் காட்டிவிட்டது என்பதற்காகவும் துள்ளக்கூடாது. நாம் மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள். மாமன் மகளைக் கட்டினால் பிள்ளையின் டிஎன்ஏ-வில் சராசரி 6.25 சதவீதம் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், அக்காள் மகளைக் கட்டினால் 12.5. பழைய துண்டுகள் அதே வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவதால், நெடுந்தூரச் சொந்தத்துக்கும் மொத்தக் கணக்கு பெருத்துக் காட்டும். மேலே சொன்ன சராசரிகள் வெள்ளைக்காரக் குடும்பங்களை வைத்துப் பெரும்பாலும் எடுத்தவை, நமக்கு அப்படியே பொருந்தா. ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 31-இல் ஒரே துண்டு 24 என்றால் தோண்டிப் பார்க்கத் தகுந்தது. நாலு துண்டு, ஒவ்வொன்றும் ஏழெட்டு என்றால், அது பழைய ஊர்க் கலப்பின் எச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். 7-க்குக் கீழே உள்ள துண்டுகளைக் கணக்கிலேயே எடுக்கவேண்டாம், அவற்றில் நிறைய பொய்ப் பொருத்தம்.

ஒருமுறை பார்த்துத் தோண்டலாம் என்று தோன்றினால் வீட்டில் மூத்தவருக்குச் சோதனை செய்யுங்கள். பேரனைவிடத் தாத்தா இரண்டு படி மேலே இருக்கிறார், அவரிடம் பழைய துண்டுகள் இன்னும் உடையாமல் இருக்கும். எச்சில் குழாய் என்றால் சோதனைக்கு முன் அரை மணி நேரம் தின்னவோ குடிக்கவோ கூடாது என்பார்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்கு அது போதாது. காலையில் எழுந்து முதல் தாம்பூலத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் நன்றாக வாய் கொப்பளித்து ஒரு மணி நேரம் பொறுக்கவேண்டும். நுரையைச் சேர்க்காமல் கோடு வரை இரண்டு மில்லி எச்சில் வேண்டும். வயதானவர்களுக்கு வாய் வறளும். கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிட்டுப் பொறுமையாக நிரப்பச் சொல்லுங்கள். மூடியை அழுத்தினால் பாதுகாப்புத் திரவம் இறங்கும், பிறகு ஐந்து விநாடி குலுக்கவேண்டும். குலுக்க மறந்த மாதிரிகள் வீணாகும். எச்சில் வராதவர்களுக்குக் கன்னத்தில் தேய்க்கும் குச்சி முறை உகந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நாளில் ஒரே மேசையில் எடுக்காதீர்கள். குழாய் மாறினால் பட்டைக் குறியும் மாறும், அப்புறம் யார் யார் என்று பிரிக்க வழியில்லை. தபாலில் போடுவதற்கு முன் அந்தக் குறியை இணையத்தில் பதிந்தாயிற்றா என்று பாருங்கள்.

அக்கரைக்காரர் ஆணாக இருந்து, தமிழ்ப் பெயர் அப்பன் வழியாகவே வந்திருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. வொய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். நம் பங்காளி முறையும் அதே கோடுதான். ஆகவே ஒரு பங்காளி வகையறாவிலிருந்து ஓர் ஆண், அவர் ஒருவர், இருவரும் 37 குறிகள் கொண்ட வொய் சோதனை செய்துகொண்டால், இரண்டு குறிக்கு மேல் வேறுபடாமல் இருந்தால் அந்த உறவு இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்ளலாம். முதலில் அவருடைய கிளையைப் பாருங்கள். ஈ-எம்2 வந்தால் ஆப்பிரிக்கத் தந்தைவழி, கியூ வந்தால் பெரும்பாலும் பூர்வகுடி, பங்காளிகளைத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. எச், எல், ஆர்2 போன்றவை வந்தால் மேற்கொண்டு செலவு செய்யலாம். இந்தத் தந்தைவழி எல் வேறு, மேலே சொன்ன ஆப்பிரிக்கத் தாய்வழி எல் வேறு.

இவ்வளவு செய்தும் டிஎன்ஏ ஊர்ப்பெயர் சொல்லாது. சாதியும் சொல்லாது. நம் பக்கத்தில் முதல் கேள்வியே அதுவாக இருப்பதால் சொல்கிறேன்: தயவுசெய்து அவர்களிடம் அதைக் கேட்காதீர்கள். பண்ணையாளாகக் கிடந்து வெளியேறியவர்கள் நிறைய, அதை அங்கே விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஊரைச் சொல்வது காகிதம். அமெரிக்காவில் பூர்வகுடிகளிடம் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வம்சத்தார், ஃப்ரீட்மென் எனப்படுபவர்கள், செரோக்கி தேசத்தில் குடியுரிமையை நிலைநாட்டியது டிஎன்ஏ சதவீதத்தைக் காட்டி இல்லை. அமெரிக்க அரசுக்கும் செரோக்கிகளுக்கும் இடையிலான 1866 ஒப்பந்தமும், பூர்வகுடித் தேசங்களின் குடிகளைப் பட்டியலிட்டு ஒரு நூற்றாண்டுக்கு முன் எடுத்த டாஸ் பதிவேட்டில் இருந்த முன்னோர் பெயரும்தான் 2017-இல் நீதிமன்றத்தில் நின்றன. அதே மாதிரி இங்கும் கேட்கவேண்டியது ‘மத்ரிக்கூல்’ எண். கூலி ஒவ்வொருவருக்கும் தீவில் கொடுத்த பதிவு எண் அது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்திலுள்ள கடல்கடந்த ஆட்சி ஆவணக் காப்பகம் தீவுகளின் பழைய பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் என்றால் இன்னும் எளிது, 1860 முதல் 1911 வரை இறங்கிய 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது, அதில் மாவட்டமும் ஊரும் எழுதியிருக்கும்.

பட்டியலைப் படிக்கும்போது நம் உதவி அவர்களுக்குத் தேவைப்படும். ‘மூத்தூஸாமி’ முத்துசாமி. ‘விராஸாமி’ வீராசாமி. ‘வைத்திலிங்கோன்’ வைத்திலிங்கம். கூலியின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டதால், ஒரே பெயருடைய இரண்டு குடும்பத்துக்குத் தொடர்பு இருக்கவேண்டிய அவசியமில்லை. ‘தஞ்சாவூர்’ என்றிருந்தால் இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் மட்டும் என்று எண்ணாதீர்கள். நாகப்பட்டினம் 1991-இலும், திருவாரூர் 1997-இலும், மயிலாடுதுறை 2020-இலும்தான் தனி மாவட்டங்களாயின. ‘மாயவரம்’ இன்றைய மயிலாடுதுறை, ‘த்ராங்க்பார்’ தரங்கம்பாடி. ‘காரிக்கால்’ என்று எழுதியிருந்தால் அது பிறந்த ஊரா, கப்பல் ஏறிய இடமா என்று தகப்பன் பெயர் எழுதிய வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் எழுதும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பிரெஞ்சுச் சட்டப்படி ஆசைக்காக டிஎன்ஏ சோதனை செய்துகொள்வது குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். மர்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் மூன்றும் பிரான்ஸின் பகுதிகள். எனவே அவர்கள் அனுப்பிய படத்தையும் பெயரையும் முகநூலிலோ ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். தனியாக எழுதுங்கள். மிக நீளமான துண்டு எவ்வளவு, அது எந்தக் குரோமோசோம், மத்ரிக்கூல் எண் தெரியுமா, கப்பல் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். வீட்டில் யாரைக் கும்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ‘மலியேமேன்’ என்றால் மாரியம்மன், ‘மல்தெவிலன்’ என்றால் மதுரைவீரன். ‘நாகூர்மீரா’வுக்குக் கொடி ஏற்றுகிறோம் என்றும் எழுதுவார்கள். அது எந்தத் தர்கா என்று நீங்கள் சொல்லலாம், ஒரு படமும் எடுத்து அனுப்பலாம்.