கேள்வி கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேர் கடும் உழைப்பாளி. மணி அடிக்கும் முன்பே வகுப்பு வாசலில் நிற்பார். கரும்பலகையில் அவர் எழுதும் வரி ஒன்றுகூடக் கோணாது. ஆனால் அவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடத்தில் ஒருநாள் என் பக்கத்தில் இருந்த தோழி எழுந்து, “இரண்டாவது பின்னத்தை மட்டும் ஏன் சேர் தலைகீழாக்கிப் பெருக்க வேணும்?” என்று கேட்டாள். சேரின் முகம் இறுகிவிட்டது. “உதெல்லாம் சோதினையில வராது. என்னைச் சோதிக்கிறதை விட்டுட்டுச் சொன்னதைச் செய்” என்றார். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் கணக்குப் பாடத்தில் அவள் வாய் திறக்கவில்லை.

அன்று அது எங்களுக்கு வெறும் திமிராகவே தெரிந்தது. பின்னாளில் நானும் ஆசிரியையாகி, ஆசிரியர் ஓய்வறைப் பேச்சுகளைப் பல ஆண்டுகள் கேட்ட பிறகு வேறு மாதிரி நினைக்கிறேன். அந்தக் காரணம் சேருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்குப் படிப்பித்தவருக்கும் தெரிந்திருக்காது. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடம் 1¾ஐ ½ஆல் வகுக்கச் சொன்னார். அதற்குப் பொருத்தமான ஒரு கதைக்கணக்கும் சொல்லச் சொன்னார். முழுமையாகச் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். கருத்துப் பிழையில்லாமல் கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் அரையால் வகுப்பதையும் இரண்டாகப் பிரிப்பதையும் ஒன்றென்றே எண்ணிவிட்டார்கள். இத்தனைக்கும் காரணம் சிறியதுதான். ஒவ்வொரு முழுமைக்குள்ளும் இரண்டு அரை இருக்கிறது. 1¾க்குள் எத்தனை அரை என்று கேட்டால், அதை இரண்டால் பெருக்கினால் போதும், மூன்றரை. இந்த ஒரு விளக்கம் கையில் இல்லாமல் ஒரு முழு வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு, அந்தப் பிள்ளையின் “ஏன்?” எப்படிக் கேட்டிருக்கும்!

எங்கள் தமிழ் ரீச்சர் நன்னூல் சொல்லும் ஆறு வகை வினாக்களைப் படிப்பித்தது நினைவிருக்கும். விடை தெரிந்துகொண்டே ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாமல் மாணவர் ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. ஐயம், கொளல், கொடை, ஏவல் மற்ற நான்கு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். இன்று யோசித்தால், என் தோழி கேட்டது அறியா வினா, சேரின் காதில் விழுந்தது அறிவினா. ஆசிரியர் தொழிலில் காலை முதல் மாலை வரை நாம் கேட்பவை பெரும்பாலும் அறிவினாக்களே. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை அளந்து பார்க்கிறோம். அப்படிக் கேட்டே பழகியவருக்கு, எதிரிலிருந்து ஒரு கேள்வி வந்தால் தன்னை அளக்கிறார்கள் என்ற எண்ணமே முதலில் எழுகிறது.

அப்புறம், கேள்விகள் வருவதே அபூர்வம். கிரேசர், பெர்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 1994இல் எழுதிய கட்டுரையின்படி, வகுப்பறையில் ஒரு மாணவர் மணிக்குச் சராசரியாக 0.11 கேள்வி கேட்கிறார், அதாவது ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்று. ஓர் ஆசிரியரிடம் ஒருவராகத் தனிப்பாடம் கேட்கும்போது அதுவே மணிக்கு 26க்கு மேல். எப்போதாவது வரும் கேள்வியை எதிர்கொள்ள ஆசிரியருக்குப் பழக்கமே ஏற்படுவதில்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் வேறு. வகுப்பில் சத்தம் கேட்டால் அதிபர் எட்டிப் பார்ப்பார் என்ற பயமும் உண்டு.

இதையெல்லாம் சொல்லி அந்தக் கோபத்தை நியாயப்படுத்தமாட்டேன். பயந்தவர் ஆசிரியர், தண்டனை பெற்றது பிள்ளை. அவள் கெட்டிக்காரி, கணக்கை அங்கேயே கைவிட்டாள். அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

தமிழ் ரீச்சர் அப்படி இல்லை. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், மரமும் கிளையும் சேர்ந்தால் மட்டும் ஏன் நடுவில் ஒரு ‘க்’ வருகிறது என்று ஒருவன் கேட்டான். விதியை அவர் சொன்னார். “விதி சரி ரீச்சர், ஏன் அப்படி?” என்றான் விடாமல். “அது எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கிறன்” என்று சொல்லிக் கரும்பலகையின் வலது மூலையில் அந்தக் கேள்வியை எழுதினார். அந்த மூலையை யாரும் அழிக்கக் கூடாது. சில கேள்விகளுக்கு மறுவாரம் விடை வந்தது, சில ஆண்டு முடியும்வரை அப்படியே கிடந்தன. அவர் மேல் எங்களுக்கு இருந்த மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அவரை மடக்கிப் பார்க்கவே கேட்ட பையன்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கேள்விகளையும் உண்மையான கேள்விகளாகவே எடுத்து மூலையில் எழுதிவிடுவார். கேட்டவனே அதற்கு விடை தேடும்படி ஆகிவிடும்.

இரண்டு பேரும் ஒரே ஓய்வறையில்தான் இருந்தார்கள். கணக்கு சேர் அங்கே யாரிடமாவது “பின்னத்தை ஏன் திருப்புகிறோம்?” என்று கூச்சமின்றிக் கேட்க முடிந்திருந்தால், வகுப்பில் அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்றே நம்புகிறேன். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் தெரியாது என்று சொல்ல இடமில்லாத பாடசாலையில், மாணவரிடம் மட்டும் அதை எப்படிச் சொல்வார்?

நம் பழைய மாணவர் சங்கம் பாடசாலைக்குக் கட்டடத்துக்கும் கணினிகளுக்கும் பணம் அனுப்புகிறது. நல்லதுதான். அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் இன்னொன்றையும் கேட்கப் போகிறேன்: ஒரே பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, பிள்ளைகள் கேட்ட, தங்களுக்கும் விடை தெரியாத கேள்விகளை மேசையில் வைத்துப் பேச ஒரு அரைநாள். அந்த நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்பவருக்கான கொடுப்பனவைச் சங்கம் ஏற்கட்டும்.