அப்பத்தாவின் சர்க்கரைச் செம்பு

எங்கள் வீட்டுப் பூசை அலமாரியில் ஒரு சிறிய பித்தளைச் செம்பு இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று விடியுமுன் அதில் நாட்டுச்சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி, கள்ளழகர் மதுரையில் ஆற்றில் இறங்குவதைக் காண வைகைக்கு எடுத்துச் செல்வோம். அது என் அப்பத்தாவின் செம்பு. அவருடைய சிறுவயதில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைய எங்கள் சனத்துக்கு அனுமதி இருந்ததில்லை. தெய்வத்தின் முகத்தை அவர் முதன்முதலில் நேருக்கு நேர் கண்டது ஆற்று மணலில், தம் தகப்பனாரின் தோள்மீது அமர்ந்துதான்.

இவ்வாண்டு, மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கே போய்விட வேண்டும் என்று குடும்பத்தோடு மூன்றுமாவடிக்குச் சென்றோம். அழகர்கோயில் மதுரையிலிருந்து ஏறக்குறைய 21 கிலோமீட்டர். கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்பு ஏந்தி, கள்ளழகர் கோலத்தில் தங்கப் பல்லக்கில் புறப்படுகிற பெருமாள், பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுக்கொண்டு அந்தத் தொலைவு முழுவதையும் மண்டபம் மண்டபமாக நின்று நின்று கடந்து வருகிறார். வழிநெடுக, சாமி நின்று பூசை ஏற்கும் மண்டகப்படிகள் நானூற்றுக்கும் மேல் உள்ளன; ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ சமூகத்துக்கோ உரிய உரிமை. அந்த உரிமையை மக்கள் எவ்வளவு கவனமாகப் பேணுகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான், பக்தி என்பது தனியொருவரின் மனத்துக்குள் மட்டும் நிகழ்வதன்று என்பது புரியும்.

அன்றிரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்ட அழகர், விடியலில் தங்கக் குதிரையேறி ஆற்றை நோக்கி வந்தார். என்ன நிறப் பட்டு என்பதே கூட்டத்தின் ஒரே கேள்வியாக இருந்தது. பச்சை என்றால் மழை பெய்து நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பச்சை என்ற சொல் முன்வரிசையிலிருந்து வாய்வழியே பரவி எங்களை எட்டியபோது, பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் கண்ணீரோடு "கோவிந்தா" என்றார். வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு வரவேற்க அழகர் ஆற்றில் இறங்கினார். கரை முழுவதும் சூடத்தின் ஒளி எழுந்தது.

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்தவர், அதற்குள் மணம் முடிந்துவிட்டதறிந்து கோபித்துக்கொண்டு வண்டியூர் போகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தர வருகிறார் என்பது கோயில் மரபு. முன்பு தேனூரில் நடந்துவந்த இந்த விழாவை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருக்கல்யாணத்தை ஒட்டி அமைத்தார். சைவ விழாவும் வைணவ விழாவும் ஒரே ஊரின் விழாவாயின. அரசு சமயத்தில் தலையிட்டு நன்மை விளைந்ததற்கு நான் எப்போதும் காட்டும் சான்று இது.

கோயிலை ஊருக்குப் பொதுவாக்கிய மற்றொரு நாள் 1939 ஜூலை 8. அன்று விடுதலைப் போராட்ட வீரர் அ. வைத்தியநாதய்யர், கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எல்லாரையும் அனுமதிக்கும்வரை அக்கோயிலுக்குள் போவதில்லை என்றிருந்த காந்தியடிகள் 1946இல் வந்து தரிசித்தார். அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பத்தா தவறாமல் ஒன்றைச் சொல்வார்: "கதவைத் தெறக்க மனுசனுக்கு அம்புட்டு வருசமாச்சு, அழகரு எப்பவும் ரோட்டுக்கு வந்துக்கிட்டுத்தான்யா இருந்தாரு."

ஆற்றில் இறங்கும் நிகழ்வு 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் நடைபெறவில்லை; சடங்குகள் அழகர்கோயிலுக்குள்ளேயே நிகழ்ந்தன. தொலைக்காட்சி முன் செம்பை வைத்துச் சூடம் ஏற்றினோம். கும்பிட்டோம் என்றாலும் வீதியில்லாத அந்தக் கும்பிடு எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை. 2022இல் மக்கள் மீண்டும் திரண்டபோது நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின. ஆகவே தடுப்பு வேலிகளையும், அழகர்மீது தண்ணீர் பீய்ச்ச விசைப்பம்பு கூடாது, தோல்பையே வேண்டும் என்னும் கட்டுப்பாட்டையும் பக்திக்கு இடையூறு என்று சிலர் சொல்லும்போது என்னால் உடன்பட முடிவதில்லை. சாமி பொதுவீதிக்கு வருகிறார் என்றால், அந்த வீதியில் நிற்கும் பிள்ளையும் கிழவியும் பத்திரமாக வீடு திரும்புவதும் அவருக்குச் செய்யும் கைங்கரியந்தான்.

குதிரை வாகனம் எங்களைக் கடந்து சென்ற பின், செம்பின் இலையைப் பிரித்தோம். அருகில் மணலில் அமர்ந்திருந்த, முன்பின் அறியாத ஓர் அம்மா தம்முடைய செம்பிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளி என் மகளின் கையில் வைத்து, "சாப்பிடு தாயி" என்றார். என் மகளும் எங்கள் செம்பிலிருந்து அள்ளி அவருக்குக் கொடுத்தாள். எந்த ஊர், யார் வீடு என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.